மூடாத குழி

1979இல் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் ஆக்கிய கணினி விளையாட்டு ‘ஹெயான்கியோ ஏலியன்’. கியோட்டோ நகரின் பழம்பெயர் ஹெயான்கியோ. அதன் கட்டம் கட்டமான வீதிகளே களம். அங்கு திரியும் வேற்றுலக உயிர்களைக் கொல்லக் காவலனிடம் வாளுமில்லை, வில்லுமில்லை. குழி வெட்டிக் காத்திருப்பான். விழுந்ததும் மண்ணிட்டு மூடவேண்டும். தாமதித்தால் அது மேலேறி வந்துவிடும். வெட்டுவதினும் மூடுவதிலேதான் பலர் தோற்பர்.

அன்பர்களே, பாவசங்கீர்த்தனம் செய்து பகையைக் குழியில் வீழ்த்திவிடுகிறோம். உடன்பிறந்தானிடம் பேசவேண்டிய ஒரு சொல், திருப்பித் தரவேண்டிய கடன், இந்த மண்ணை அள்ளிப்போட மட்டும் நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. பாஸ்குத் திருநாள் கழிந்த மறுவாரமே பழைய குரல் வீட்டில் கேட்கிறது.

பிறருக்கு மட்டும் உரைக்கவில்லை. ஒருவரை மன்னித்துவிட்டோமென்று நாமும் தவக்காலத்தில் சொன்னோம். அவர் இல்லம் நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது, இன்னும் சென்றோமில்லை.