முறைப்பாடு வந்தால் பார்ப்பம்

கடைவேலைக்குப் போற உங்கட கூட்டாளி ஒருத்தரிட்ட கேட்டுப் பாருங்கோ: "உன்ர ஈ.பி.எப் இலக்கம் என்ன?" சிலர் சிரிப்பினம். சிலர், "அது கவுண்மேந்து ஆக்களுக்கெல்லோ" எண்டு திருப்பிக் கேப்பினம். உண்மையில் அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி தனியார் துறையில் வேலை செய்பவருக்கென்றே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. யாருக்காகச் சட்டம் வந்ததோ அவருக்கே அது தன்னுடையது என்று தெரியாது.

ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நானும் ஒரு புடவைக்கடையில் நின்றேன். பேர் வேண்டாம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டு மணி. நியமனக் கடிதம் என்ற சொல்லை அங்கே ஒருத்தரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதோடு கிழமையில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு என்று எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்கு ஒன்றரை நாள் லீவு கிடைத்தது கடை முதலாளியின் மாமனார் செத்தபோதுதான்.

என்னோடு சேலைப் பகுதியில் நின்ற அக்கா அந்தக் கடையில் ஆறு வருசம். அம்மாவை கிளினிக் கூட்டிக்கொண்டு போக அடிக்கடி லீவு கேட்கிறா என்று ஒருநாள் "நாளைக்கு வரவேண்டாம்" என்றார்கள். அவவைத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனுசன், அதை மறைக்கேலாது. தேத்தண்ணி குடிக்கக்கூட எழும்பாமல் எல்லாத்தையும் கேட்டு எழுதினார். "ஏன் சேர் நீங்கள் ஒருநாளும் கடைக்கு வந்து பாக்கேல்லை?" என்று கேட்டேன். "முறைப்பாடு வந்தால்தானே தம்பி பாக்கலாம்" என்றார்.

முறைப்பாடு வந்தது. விசாரணைக்கு வரச்சொல்லி அக்காவின் பேரோடு கடைக்குக் கடிதம் போனது. அன்று பின்னேரமே கோயில் தர்மகர்த்தா ஒருத்தர் அக்காவின் வீட்டு வாசலில். "பிள்ளை, முதலாளி எங்கட ஆள். கோர்ட், கச்சேரி எண்டு போனால் இனி ஆர் உனக்கு வேலை தருவினம்?" மிரட்டல் இல்லை பாருங்கோ, அன்பான புத்திமதி. அடுத்த கிழமை அக்கா முறைப்பாட்டை வாபஸ் வாங்கினா.

அவ விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று இன்றைய சம்பளத்தில் கணக்குப் பார்ப்பம். 2026 தை முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதில் முதலாளி தன் கையிலிருந்து சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். மாதம் 4,500 ரூபா. வருசத்துக்கு 54,000. ஆறு வருசத்துக்கு 3,24,000. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருசம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகவும் வரவேண்டும். (ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரில் இரண்டு கடை ஏன் நடக்கிறது என்று இப்ப விளங்குதோ?) "நிரந்தரமாக்கின பிறகு கட்டுறம்" என்பதும் பொய். தற்காலிகமோ பயிலுநரோ, முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும்.

முறைப்பாடு வந்தால்தான் பார்க்கலாம் என்பது சட்டமல்ல, பழக்கம். இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்ட தொழில் பரிசோதனை பற்றிய 81ஆம் இலக்க சர்வதேச சமவாயம், முன்னறிவித்தல் இல்லாமல் வேலைத்தளத்துக்குள் நுழையும் உரிமையைப் பரிசோதகருக்குக் கொடுக்கிறது. முறைப்பாடு செய்தவர் யாரென்று வெளியே சொல்லக்கூடாது, முறைப்பாட்டினால்தான் வந்தோம் என்பதைக்கூட முதலாளிக்குக் காட்டிக்கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. ஒருவருடைய தனிப்பட்ட நிலுவையை அவர் பேர் சொல்லாமல் விசாரிப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது என்கிறேன். முழுக் கடையின் பதிவேட்டையும் பார்த்தால் அங்கே தனிப்பேர் எதற்கு? எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான சின்னப் பட்டினத்தில் முறைப்பாட்டை நம்பி நடக்கும் அலுவலகம் முதலாளிக்குத்தான் வசதி.

திணைக்களம் ஒன்றும் செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. கட்டாத சேமலாப நிதியை மிகைக்கட்டணத்தோடு அறவிடவும், நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது, அப்படி வழக்குகளும் நடக்கின்றன. ஆள் காணாது, வாகனம் இல்லை என்பார்கள். கடைத்தெருவுக்கு வாகனம் எதற்கு? நகரசபையிலோ பிரதேச சபையிலோ வருசா வருசம் வியாபார உரிமம் எடுத்தவர்களின் பட்டியல் இருக்கிறது. தொழில் அலுவலகத்தில் சேமலாப நிதிக்குப் பதிந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று தெரிந்துவிடும்.

சின்னக் கடை தாங்காது என்ற கதையும் வரும். 12 வீதம் தாங்காத கடை மூன்றாவது மாடி கட்டுவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்தார்கள். கேட்டது அரச நியமனம். அதை நான் குறைசொல்லமாட்டேன். தனியார் வேலையில் கடிதமில்லை, லீவில்லை, வயது போனால் கையில் காசில்லை என்று கண்டால் யாரும் அரச வேலைக்குத்தான் அலைவார்கள். ஆனால் தனியார் வேலையை மனுசர் செய்யக்கூடிய வேலையாக்கு என்று தொழில் அலுவலகத்துக்கு முன்னால் நாங்கள் எத்தனை நாள் இருந்திருக்கிறோம்? "உங்கட பிள்ளையள் தனியார் துறைக்குப் போக விருப்பமில்லை" என்று மேடையில் எங்களுக்குப் பாடம் எடுக்கிற அதிகாரிகளும் இதைக் கேட்கவேண்டும்.

மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களம் தொழிற்சந்தை நடத்தும்போது பலூன் கட்டி, மேசை போட்டு, சுயவிபரக்கோவை வாங்குவார்கள். வேலைவாய்ப்பு ஒரு திணைக்களம், தொழிலாளர் நலன் இன்னொரு திணைக்களம். இடையில் ஒரு மதில். சேமலாப நிதிப் பதிவு இலக்கமும் ஒரு மாதிரி நியமனக் கடிதமும் காட்டாத நிறுவனத்துக்கு அந்தச் சந்தையில் மேசை கொடுக்கக்கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அதுவரை அந்த வேலையை நாங்கள் செய்வம். அடுத்த தொழிற்சந்தைக்கு நாலைந்து பேராய்ப் போய், ஒவ்வொரு மேசையிலும் சம்பளத்தைக் கேட்க முதல் பதிவு இலக்கத்தைக் கேட்பம். சொல்லாதவர்களின் பட்டியலை ஆளின் பேர் போடாமல் ஒரு கூட்டமாகத் தொழில் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பம். முறைப்பாடு வந்தால் பார்ப்பம் எண்டவைதானே.

அக்கா இப்ப அதே தெருவில் இன்னொரு கடையில் நிற்கிறா. போன கிழமை கண்டபோது கடிதம் தந்தவையோ என்று கேட்டேன். "மூண்டு மாசம் போகட்டும் எண்டவை" என்றா.