மலைமேல் இருப்பதும் தொழிற்சாலைதான்

ஆயுத பூஜை, பொங்கல் என்று தொடர் விடுமுறை வந்தால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஓரகடம் பக்கத்திலிருந்து வேன்கள் மலையை நோக்கிப் புறப்படுகின்றன. கார் பூட்டுகிறவர்கள், கண்ணாடி வார்க்கிறவர்கள், கைபேசிக்குத் திருகு முடுக்குகிறவர்கள் எல்லாரும் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் மூணாறுக்கும் போகிறார்கள். எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் சினிமாவே தீர்மானிக்கிறது. இந்தச் சரிவில்தான் அந்தப் பாட்டை எடுத்தார்கள் என்று டிரைவர் கைகாட்டியதும் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வு அவர்களுடைய உரிமை. அதை மறுக்க எவருக்கும் தகுதியில்லை. நான் மறுப்பது அந்தப் பயணத்தை நடத்திச் செல்லும் நம்பிக்கையை. ஓரகடம் இரும்பும் இரைச்சலும், தேயிலைத் தோட்டம் இயற்கை, ஒன்றிலிருந்து தப்பித்து மற்றொன்றுக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையை.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நின்றுவிடாமல், மலையில் உழைத்தவர்களை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது.

முதலில் செடியைப் பாருங்கள். தேயிலையை அதன் போக்கில் விட்டால் முப்பது அடிக்கு மேல் வளரும் மரம். இடுப்பளவில் சமமாகப் பரந்து, கம்பளம் விரித்தாற்போல் தெரிகிறதே, அது கவாத்துக் கத்தியின் வேலை. கை எட்டும் உயரத்தில் கொழுந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் வெட்டி வெட்டி நிறுத்திய உயரம் அது. நடுவே வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சோலைக்காடும் புல்வெளியும் இருந்த மலைமீது ஒரே பயிரை நட்டு, அளந்து, பாத்தி எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வால்பாறையில் யானைகள் தேயிலைக்குள் நடப்பதைக் காண நாம் ஆசைப்படுகிறோம். அவை உலா வரவில்லை. துண்டு துண்டாக மிஞ்சிய ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக அவற்றுக்கு வேறு வழியில்லை.

அடுத்து வேலையைப் பாருங்கள். காலையில் பேர் பதிவு. ஆளுக்கு இவ்வளவு கிலோ என்று கணக்கு. இரண்டு இலை ஒரு மொட்டு என்று தரம். எடை போடும் இடத்தில் ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழிவு. பறித்த கொழுந்து சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். அதனால்தான் பெரிய எஸ்டேட்டுகள் பலவும் தமக்குள்ளேயே ஆலை வைத்திருக்கின்றன. வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்து, உலர்த்தி ஒரு கிலோ தூள் எடுக்க நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஷிப்ட்டும் டார்கெட்டும் அறிந்த ஓரகடம் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியதில்லை. அவர் தப்பித்து வந்து சேர்ந்திருப்பது இன்னொரு தொழிற்சாலைக்கு. அதன் கூரை வானமாக இருப்பதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்த ஆலையை எழுப்பியவர்களின் கதையைத் தமிழ்நாடு அறியாமல் இல்லை. 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி. எச். டேனியல் தான் கண்டதையும் கேட்டதையும் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். சமவெளியின் பஞ்சத்தில் தவித்த குடும்பங்களை முன்பணம் கொடுத்து மலையேற்றிய கங்காணிகள், எந்நாளும் தீராத கடன், மலேரியாவில் மடிந்தவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். அதைத் தழுவி 2013இல் பாலா 'பரதேசி' எடுத்தார். தியேட்டரில் அழுதோம். அழுத பிறகும் அதே சரிவுகளை ‘லொகேஷன்’ என்றே அழைக்கிறோம். வால்பாறை போகும் வழியில் கவர்க்கல்லில் தோட்ட முன்னோடி கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. காட்டை வெட்டிச் சாய்த்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இதில் சினிமாவின் பங்கு சிறிதல்ல. 1998இல் வந்த 'உயிரே' படத்தின் ரயில் பாட்டு நீலகிரி மலை ரயிலை நாடெங்கும் கொண்டுபோனது. பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான பாட்டுகளில் தேயிலை பின்னணித் திரையாகவே வந்திருக்கிறது. கூடையைத் தோளில் மாட்டிய பெண்கள் வந்தால் தாளத்துக்கு அசைவார்கள். அட்டை கடித்த காலும் மழையில் நனைந்த படங்குச் சாக்கும் வராது. படப்பிடிப்புக்கு அனுமதி தருவது உரிமையாளர். கட்டணம் போவதும் அவருக்கே. காட்சியை அழகாக வைத்திருக்கும் கைகளுக்கு டைட்டில் கார்டில்கூட இடமில்லை.

இந்த மறதிக்கு என்ன விலை என்பதை நெல்லை மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் சொல்லும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா நிறுவனம் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வையும் கைதான தொழிலாளர்களின் விடுதலையையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்கத் தாமிரபரணி ஆற்றில் இறங்கியவர்களில் ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் அந்த மலையின் நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற பெயர்களை நாம் குளிர்ந்த சுற்றுலா இடங்களாகவே மனப்பாடம் செய்தோம். குத்தகை முடிய சில ஆண்டுகளே இருக்க, 2024இல் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் கேட்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலமில்லை. வீடு எஸ்டேட்டுடையது, வேலை போனால் வீடும் போகும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரச் சொன்னதே தவிர, அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை.

மூணாறுக்கும் இதே கதிதான். 2015இல் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தோட்டத் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு போனஸுக்காகச் சாலையில் அமர்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டார்கள். அந்த மலையைப் பார்க்கப் போகிறவர்களில் பெட்டிமுடியை விசாரிப்பவர் எத்தனை பேர்?

சுற்றுலா வருவதால் மலைமக்கள் நாலு காசு பார்க்கிறார்களே என்று கேட்கலாம். ஜீப் வைத்திருப்பவருக்கும் ரிசார்ட் கட்டியவருக்கும் காசு வருகிறது என்பது உண்மை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள்கூலி பயணிகள் வந்ததால் உயரவில்லை. களைத்து வருகிறவனிடம் வரலாற்றுச் சுமையை ஏன் ஏற்றுகிறீர்கள் என்று இன்னொரு கேள்வி. களைப்பின் அருமை தெரிந்தவரால்தான் இன்னொருவர் களைப்பைக் காண முடியும். மேலும் இது ஓரகடம் தொழிலாளியின் சொந்தக் கதையும்கூட. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு 2024இல் திறந்தது. லயத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் வேலை இருக்கும்வரைதான் படுக்கை என்ற விதி இரண்டுக்கும் பொது. நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடியதை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. நூறு ஆண்டு கழித்து ஓரகடத்தின் வெற்றுக் கூடங்களில் யாரோ பாட்டு எடுத்து, 'எவ்வளவு அழகான இடம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நமக்கு ஒப்புமா?

மலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகும்போது கொழுந்து எடை போடும் இடத்தையும் லயன் வீடுகளையும் தாண்டித்தான் போகிறோம் என்று தெரிந்து போவோம். அனுமதி கேட்காமல் வேலை செய்யும் பெண்ணின் முகத்தைப் படம் எடுக்காதிருப்போம். சுற்றுலாத் துறை தன் பலகைகளில் துரைமார் பெயர்களோடு தொழிலாளர் வரலாற்றையும் எழுதட்டும். எஸ்டேட்டில் படம் எடுக்கும் நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நல நிதிக்குக் கொடுக்கட்டும். ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த மனையும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கையை, வாடகை அறையில் வாழும் ஓரகடத்துத் தொழிலாளர்களின் சங்கங்களும் சேர்ந்து எழுப்பட்டும். உழைப்பால் உண்டான பசுமையை இயற்கை என்று சொல்லிச் சொல்லியே அந்த உழைப்புக்கான கடனை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டோம். அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.