தேத்தண்ணியும் ஒரு சாப்பாடுதான்

ஒரு மிடறு பானம் உணவாகுமா என்று திருகோணமலையில் கேட்டால், எந்தத் தெருவில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் பகலில் தெரிந்தே ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் நோன்பு முறிந்துவிடும். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பவர்களில் வெறும் தண்ணீரோடு இருப்பவரும் உண்டு, பாலும் பழமும் எடுப்பவரும் உண்டு. இருவரையும் ஊர் விரதகாரர் என்றே சொல்லும். போயா தினத்தில் சில் எடுக்கும் பௌத்தர்கள் நண்பகலுக்குப் பிறகு திண்மமாக எதையும் தொடமாட்டார்கள். வடிகட்டிய பழச்சாறும் பால் கலக்காத தேநீரும் மட்டும் அவர்களுக்கு ஆகும். கத்தோலிக்கரின் பழைய விதியோ நீராகாரம் நோன்பை முறிக்காது என்றது. சொக்கலேற் பானம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இந்த விதியால் பெரிய வழக்கே எழுந்தது. 1636 இல் மட்ரிட்டில் அந்தோனியோ தெ லியோன் பினேலோ இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு நூல் வெளியிட்டார். 1660களில் கர்தினால் பிரன்காச்சியோ, சொக்கலேற் குடித்தால் நோன்பு முறியாது என்று வாதாடினார். சொக்கலேற் பிரியர்களுக்கு நிம்மதி.

உடம்பைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும், தங்களை அறியாமலே, அந்தக் கர்தினாலின் கட்சி. "சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில நான் ஒண்டும் வாயில வைக்கிறேல்ல, பிளேன்டீ மட்டுந்தான்" என்ற வாக்குமூலத்தைக் கந்தோர்களிலும் ஆசிரியர் அறைகளிலும் கேட்கலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. வடைத் தட்டை நகர்த்தி வைத்திருப்பார், றோல்ஸைத் தொட்டிருக்க மாட்டார். பத்து மணித் தேத்தண்ணியும் மூன்றரை மணித் தேத்தண்ணியும் அவருடைய கணக்கில் ஏறுவதேயில்லை.

ஏற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய ஐந்து கிராம், இருபது கலோரி. மூன்று கரண்டி போட்ட ஒரு கிளாஸில் அறுபது கலோரி இருக்கிறது, அதாவது இரண்டு மேரி பிஸ்கட்டுக்கும் மேல். நாளுக்கு நான்கு கிளாஸ் என்றால் அறுபது கிராம் சீனி. சேர்க்கப்படும் சீனியை ஒரு நாள் உணவின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015 இல் அறிவுறுத்தியது. அந்த ஐந்து சதவீதம் சுமார் இருபத்தைந்து கிராம், ஐந்து தேக்கரண்டி. நமது ஆள் அதைப் பத்து மணித் தேத்தண்ணியோடு பாதி தாண்டிவிடுகிறார். பால்தேத்தண்ணி என்றால் ஒரு மேசைக்கரண்டி பால்மாவின் நாற்பது ஐம்பது கலோரியும் கூடும். ரின்பால் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். அதில் ஏறக்குறைய பாதி சீனிதான்.

கலோரிக் கணக்கோடு விஷயம் முடிந்திருந்தால் தேத்தண்ணியையும் பிஸ்கட்டையும் ஒரே தட்டில் வைத்துவிடலாம். தேத்தண்ணியின் குற்றம் அதைவிடப் பெரியது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டிமெக்லியோ, மற்றெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பதினைந்து பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2000 இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரம் நாளொன்றுக்கு 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகத் தின்னக் கொடுத்தார்கள். இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சோடாவாகக் குடிக்கக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில், யாரும் சொல்லாமலே அவர்கள் மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் அந்தக் குறைப்பு நடக்கவேயில்லை, எடையும் ஏறியது. பதினைந்து பேரை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் மெல்லாமல் தொண்டையில் இறங்குவதை வயிறு சரியாகக் கணக்கு வைப்பதில்லை என்பதைப் பின்வந்த பல ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன. வடை தின்றவருக்கு மத்தியானம் சோறு கொஞ்சம் குறையும். இனிப்புத் தேத்தண்ணி குடித்தவருக்குச் சோறும் குறையாது.

ஆகவே, சீனியோ பாலோ கலந்த பானம் நொறுக்குத் தீனிதான், அதிலும் மோசமான வகை. தண்ணீர், வெறும் தேயிலைச் சாயம், சீனி போடாத கோப்பி, இஞ்சியோ கொத்தமல்லியோ அவித்த நீர் ஆகியவற்றை எத்தனை முறை குடித்தாலும் கலோரிக் கணக்கில் எதுவும் ஏறாது. நடுவில் சில சந்தேகக் கேஸ்கள் இருக்கின்றன. இளநீர் ஒன்றில் சுமார் அறுபது கலோரி, வழுக்கையையும் வழித்துத் தின்றால் அதற்கு மேல். நிலாவெளி வீதியில் வெயிலில் நின்று சோடாப் போத்தலுக்குப் பதில் அதைக் குடிப்பது இலாபம், தண்ணீருக்குப் பதில் குடிப்பது நட்டம். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்ற நம்பிக்கைக்கு எடை விஷயத்தில் ஆதாரமில்லை. கலோரியில் அது சீனியின் கூடப்பிறந்தது. செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைப்புக்காகப் பாவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. இலைக்கஞ்சியும் நோன்புக் கஞ்சியும் கோப்பையில் வந்தாலும் சாப்பாடு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இலங்கையில் போத்தல் பானங்களுக்கு 2016 ஓகஸ்ட் முதல் நிறக்குறி கட்டாயம். நூறு மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்கும் 11 கிராமுக்கும் இடைப்பட்டால் செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. 2018 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் கிராமுக்கு 50 சதம் என்று சீனி வரியும் போட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. பேருந்து நிலையக் கடையின் குளிர்சாதனப் பெட்டியில் அந்த நிறங்களைப் பார்த்து யாராவது கையைப் பின்னிழுக்கலாம். பக்கத்திலேயே ஆற்றப்படும் தேத்தண்ணிக்கு நிறமில்லை. இருந்தால்? 150 மில்லிலீட்டர் கிளாஸில் மூன்று கரண்டி என்றால் நூறு மில்லிலீட்டருக்குப் பத்து கிராம், சிவப்புக்கு ஒரு கிராம் குறைவு. நாலாவது கரண்டி விழுந்தால் சிவப்பு.

இந்த நாட்டில் நீரிழிவைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2005–06 ஆய்வு, இருபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று கண்டது. ஏழு மாகாணங்களில் எடுத்த கணக்கு அது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. திருகோணமலையின் தேத்தண்ணிக் கிளாஸ்கள் அந்தத் தட்டில் நிறுக்கப்படாமலே போயின.

கரண்டிக் கணக்கைக் குடிப்பவரின் மனவுறுதியில் போட்டுவிடுவது சுலபம், அது நியாயமில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது இந்தப் பக்கத்தில் மரியாதைக் குறைவு. கொடுத்ததைக் குடிக்காமல் எழும்புவது அதைவிடப் பெரிய குறைவு. சீனியைக் கூடப் போடுவது அன்பின் அளவு. ஒரே மாலையில் மூன்று வீடு ஏறி இறங்கும் கிராம அலுவலரோ கல்யாணக் காட் கொடுக்கப் போகும் சித்தப்பாவோ எங்கே போய் மறுப்பார்கள்? வாயைக் கட்டுவதைவிடக் கரண்டியைக் கட்டுவதில்தான் வழி இருக்கிறது.

அது முடியும் என்பதை ஊர் விரும்பாமலே ஒரு தடவை பார்த்தது. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பைக்கற் ஒரே தாவலில் 250 ரூபாய் ஏறி 790 ரூபாயானது. பால்தேத்தண்ணி 100 ரூபாய் என்று சிற்றுண்டிச்சாலைக்காரர்களின் சங்கம் அறிவித்தது. பால்தேத்தண்ணி குடித்த பல வீடுகள் பிளேன்டீக்கு இறங்கின. பட்டினியின் ஓரத்தில் நின்ற காலத்தை ஆரோக்கியப் பாடமாக்குவது அசிங்கம். ஆனால் நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று தேடவும் வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சீனக்குடாவில் மூட்டை இறக்குபவரிடமோ, விடியும்வரை கடலில் கிடந்து கரையேறிய மீனவரிடமோ போய் உபதேசம் செய்யக் கூடாது. அவருக்கு அந்த மூன்று கரண்டிச் சீனிதான் அந்த நேரத்துச் சாப்பாடு, மலிவானதும் அதுவே. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் குளிரூட்டிய அறைக்குள் நாற்காலியில் இருப்பவருடைய கணக்கு வேறு.

தொடங்க வேண்டிய இடமும் அந்த அறைகள்தான். கூட்டங்களுக்கு வரும் தேத்தண்ணி பெரும்பாலும் சீனி போட்டுக் கலக்கியே வருகிறது, கேட்பாரில்லை. சாயத்தை வெறுமனே ஊற்றி, சீனிக் கிண்ணத்தையும் ஒரு சின்னக் கரண்டியையும் தட்டின் ஓரத்தில் வைக்க எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம், செலவும் இல்லை. கடைகளில் "சீனி எவ்வளவு?" என்று முதலில் கேட்டுவிட்டுக் கலக்கினால் போதும். சீனி விலை ஏறும் மாதங்களில் முதலாளிக்கும் அதில் இலாபம் உண்டு.