குறைத்தால்தான் காவல்

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொறியாளர் வெளியிட்ட தகவல், லினக்ஸ் சர்வர்களைக் கவனிப்பவர்களின் வார இறுதியைக் கெடுத்தது. தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவது ஏன் என்று துருவியவருக்கு, 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே சர்வருக்குள் புகலாம்.

அதை வைத்தவர் வெளியாள் அல்லர். 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 முதல் நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பி, பராமரிப்பாளர் பொறுப்பிலேயே பங்கு பெற்றவர். அதுவரை அம்மென்பொருளைச் சம்பளமில்லாமல் தனியாளாகத் தாங்கி வந்தவர் லாஸ்ஸே காலின். அவர் மனநலப் பிரச்சினைகளுடன் போராடிய நேரத்தில், வேறு ஆளிடம் ஒப்படைக்கச் சொல்லி முன்பின் தெரியாத பெயர்கள் அவரை நெருக்கின.

திறந்த மூல மென்பொருளே ஆபத்து என்று இதைக் காட்டிச் சொல்வோர் உண்டு. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனால், யாரும் பார்க்கலாம் என்பதற்காக யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்ப்ளீட் ஓட்டை, இணையத் தகவலை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2 ஆண்டுகள் எல்லார் கண்முன்னும் கிடந்தது.

எக்ஸ்இசட் விவகாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது வழி. எஸ்எஸ்ஹெச் சேவைக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. சேவை தொடங்கிவிட்டது என்று லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்கு ஒரு வரி தகவல் சொல்வதற்காக, டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் ஒரு நிரலகத்தை இணைத்தன. அது எக்ஸ்இசட்டையும் கூடவே இழுத்து வந்தது. ஒருவருக்குப் பத்திரிகை வைக்க, ஊரே பந்திக்கு வந்த கதை. அந்த ஒரு வரியைச் சில வரி நிரலில் நேரடியாகவே அனுப்பலாம்; ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 பதிப்பு அப்படித்தான் செய்கிறது.

இயங்குதளத்தைப் பலப்படுத்துவது என்றால் முதலில் குறைப்பது என்பதே நம் நிலைப்பாடு. இதை 1995 முதல் பிடிவாதமாகச் செய்து வருவது, கனடாவில் தியோ டி ராட் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம். நிறுவியதும் பெரும்பாலான சேவைகள் அணைந்தே இருக்கும். எழுதக்கூடிய நினைவகப் பகுதியில் நிரல் ஓடாது. 'பிளெட்ஜ்' வசதியால் நிரல்கள் தாம் செய்யப்போவதை முன்கூட்டியே அறிவிக்கின்றன. அதை மீறினால் கர்னல் அங்கேயே கொன்றுவிடும். ஹார்ட்ப்ளீட் வெளிப்பட்டதும் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்து, பல்லாயிரம் வரிகளை வெட்டி எறிந்து லிப்ரஎஸ்எஸ்எல் ஆக்கினார்கள். 2024 ஜூலையில் லினக்ஸ் சர்வர்களை அச்சுறுத்திய 'ரெக்ரெஷன்' ஓட்டை ஓப்பன்பிஎஸ்டியைத் தொடவில்லை. காரணம், அவர்கள் 2001இலேயே எழுதி வைத்த பாதுகாப்பான ஒரு செயற்கூறு.

இதற்கு விலை உண்டு. ஓப்பன்பிஎஸ்டியில் ப்ளூடூத் கிடையாது, வேகமும் குறையும். வீட்டுக் கணினிக்கு எல்லாரும் இதைத் தாங்க மாட்டார்கள். தாங்க வேண்டியதும் இல்லை. ஆனால், இராணுவ அலுவலகக் கணினிக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் எதற்கு?

நம் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் இணைந்த தன் கணினிகளில் விண்டோஸை நீக்கி, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா'வை நிறுவப்போவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. கூடவே 'சக்ரவியூகம்' என்ற காவல் மென்பொருளும் வரும் என்றார்கள். முடிவு சரியானது, வரவேற்கிறோம். ஆனால், புதுப் பெயரும் மேலே ஒரு காவல் அடுக்கும் பலப்படுத்தல் ஆகாது. மாயாவில் எத்தனை சேவைகள் அணைக்கப்பட்டன, எத்தனை நிரலகங்கள் கழற்றப்பட்டன? உபுண்டு வெளியிடும் திருத்தம் கடைசிக் கணினியைச் சேர எத்தனை மணி நேரம்? அறிவிப்பு விழாக்களில் யாரும் கேட்காத கேள்விகள் இவை.

இன்னொன்று பணம். 2014 ஜனவரியில் ஓப்பன்பிஎஸ்டி தன் மின் கட்டணத்துக்காக 20,000 டாலர் கேட்டு உலகத்திடம் கையேந்தியது. அவர்கள் உருவாக்கிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அன்றே பெருநிறுவனங்களின் சர்வர் அறைகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடு! ஜெர்மனி அரசு 2022இல் திறந்த மூல மென்பொருளுக்கென்றே தனி நிதியம் தொடங்கி, லினக்ஸ் திரை முகப்பான குனோம் திட்டத்துக்கு மட்டும் 10 லட்சம் யூரோ தந்தது. 2007 முதல் டெபியன் மேல் 'பாஸ்' லினக்ஸ் கட்டிவரும் அரசு நிறுவனமான சி-டாக் இருக்கும் நாட்டில், அப்படி ஒரு நிதியம் பெரிய காரியமல்ல.

மத்திய அரசு, திறந்த மூல மென்பொருளுக்கான ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு பங்கை அதன் மூலப் பராமரிப்பாளர்களுக்கு ஒதுக்க வேண்டும். இங்கே கண்டுபிடிக்கும் ஓட்டைகளுக்கான திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். வரும் பட்ஜெட்டிலேயே இதற்கான ஒதுக்கீட்டை நிதியமைச்சர் அறிவிக்கட்டும்.