குழாயில் போகும் குமிழி



"ஐயா, குழாய் விடும்போது காத்துக் குமிழி மூளைக்குப் போயிடுமாமே, நிசந்தானா?" பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோன மகன் டெலிபோனில் கேட்டது இது. கையெழுத்துப் போடாமலே அரைமணி நேரம் நின்றிருக்கிறான்.

பொய் சொல்லமாட்டேன், போகலாம். ஆனால் அபூர்வம். தொடை இடுக்கு வழியே மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, அடைத்த இரத்தக் கட்டியை இழுத்தெடுக்கிறார்கள். 2015-க்குப் பிறகு உலகெங்கும் பரவிய வைத்தியம். உப்புத் தண்ணீர் விட்டுக் காற்றை வெளியேற்றித்தான் குழாயைச் செலுத்துவார்கள். அப்படியும் தப்பிப்போகும் குமிழி, கட்டியைப் போலவே இரத்தத்தை மறிக்கும். டிரிப் குழாயில் கடுகளவு குமிழியைப் பார்த்து மிஸ்ஸியைக் கூப்பிட்டு அலறுகிறோமே, அது வேறு. கையில் ஏறுவது நுரையீரலில் வடிகட்டப்பட்டுவிடும். மூளைக்குப் போகும் நாளத்தில் அந்த வடிகட்டி கிடையாது.

போய்விட்டால் வைத்தியம் உண்டா? உண்டு. சில சமயம் அதே குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். சுத்தமான பிராணவாயு கொடுப்பார்கள். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன், அது குமிழியிலிருந்து கரைந்து வெளியேறும். எல்லாவற்றிலும் மேலானது அழுத்த அறை. 18 மீட்டர் கடலாழத்து அழுத்தம், அதாவது 2.8 மடங்கு; குமிழி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கடலில் மூழ்குகிறவர்களுக்கென்று வந்த அறை இது. பேராக், லூமுட் ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

லூமுட் எங்கே, கிள்ளான் எங்கே? இதில் மணிக்கணக்கு முக்கியம். கட்டி எடுக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், குமிழி போனால் நோயாளியை எந்த அறைக்கு, எந்த வண்டியில் அனுப்புவது என்று முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். சங்கம் இதைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் குமிழிக்குப் பயப்படுகிறவர்கள் கட்டிக்குப் பயப்படுவதில்லையே! வாய் கோணியதும் பிரிக்பீல்ட்ஸில் உருவிவிட்டால் சரியாகும் என்று இரண்டு நாள் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உருவுகிறவர்கள் மேல் குற்றமில்லை, அது பிற்பாடு பார்க்கிற வேலை. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். 999-ஐக் கூப்பிடுங்கள். கையெழுத்துக் கேட்டால் டாக்டர் சொல்வதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த மகன் கடைசியில் போட்டுவிட்டான். அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார். இடது கைதான் இன்னும் சரியாகவில்லை.