மையித்தைக் காட்டிப் பிஸ்டல் கேட்பவருக்கு

கல்முனை வர்த்தகர்களுக்கு எந்தக் கலிபர் கைத்துவக்கு பொருந்தும் என்று கடந்த இதழில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். .45 ஒரே வெடியில் ஆளைச் சாய்த்துவிடுமாம். 9 மி.மீ. உலகம் முழுக்கப் புழங்குவதால் அதுவே சிறந்ததாம். .38 பழைய பொலிஸ்காரர்களுக்கு, .32 பெண்களின் கைப்பைக்கு. இப்படித் தரம்பிரித்து முடித்தவர், கடைசிப் பக்கத்தில் காத்தான்குடிக்குப் போகிறார். தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்ற 1990 ஓகஸ்ட் 3 இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியில் நாலு பேரின் இடுப்பில் நல்ல பிஸ்டல் இருந்திருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்கிறார். ஆகவே தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று வழங்கி, 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு திருப்பி ஒப்படைக்கச் சொன்ன துவக்குகளை எங்கள் வர்த்தகர்களுக்கு மீண்டும் கொடுக்க வேண்டும், அதுவும் 9 மி.மீ. ஆகக் கொடுக்க வேண்டும் என்று முடிக்கிறார்.

முதல் மூன்று பக்கமும் பிழை. கடைசிப் பக்கம் பிழை மட்டுமல்ல, பாவம்.

.45 இலிருந்து தொடங்குகிறேன். அவர் அதிகம் மயங்கிக் கிடப்பது அதில்தான். ஓடிவரும் ஆளை அது பின்னால் தள்ளி வீழ்த்திவிடும் என்கிறார். பள்ளிக்கூடப் பௌதிகமே இதற்கு இடம் கொடுக்காது. சன்னம் முன்னால் கொண்டுபோகும் அதே உந்தம் சுடுகிறவனின் கையிலும் பின்னோக்கி இறங்குகிறது. பட்டவனைத் தூக்கி எறியும் சன்னம் சுட்டவனையும் தூக்கி எறிய வேண்டும். .45 சன்னம் ஏறத்தாழ 15 கிராம், செக்கனுக்கு 260 மீட்டர் வேகம். 9 மி.மீ. சன்னம் 8 கிராம், வேகம் 350 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டும் 500 ஜூல் அளவில்தான் வந்து நிற்கின்றன. அகலத்தில் வித்தியாசம் வெறும் இரண்டரை மில்லிமீட்டர். சுடப்பட்டவன் அந்தக் கணமே விழுவதென்றால் மூளையோ முள்ளந்தண்டு நரம்போ அடிபட வேண்டும். இதயம் கிழிந்தவனுக்குக்கூடச் சில செக்கன்களுக்கு மூளையில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கும். அந்தச் செக்கன்களில் அவன் திருப்பிச் சுடலாம், கத்தியால் குத்தலாம்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. 1959 செப்டெம்பர் 25 காலை, ரொஸ்மீட் பிளேஸ் வீட்டில் பிரதமர் பண்டாரநாயக்கவைத் தல்துவே சோமாராம தேரர் சுட்டது .45 வெப்லி ரிவோல்வரால். கட்டுரையாளரின் கணக்குப்படி அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்க வேண்டும். பண்டாரநாயக்கவோ வைத்தியசாலையிலிருந்து, சுட்டவர்மீது பழிதீர்க்க வேண்டாம் என்று நாட்டு மக்களுக்குச் செய்தி சொன்னார். மறுநாள் காலைதான் உயிர் பிரிந்தது. அதற்குப் பதினொரு ஆண்டு முன்னர், 1948 ஜனவரி 30 அன்று, காந்தியைக் கொன்ற பெரெட்டாவில் இருந்தது 9 மி.மீ. குட்டைத் தோட்டா. .45 இன் ஏறத்தாழப் பாதிச் சக்திதான் அதற்கு. எண் எதையும் தீர்மானிக்கவில்லை. சன்னம் எங்கே பாய்ந்தது என்பதுதான் தீர்மானித்தது.

அந்த .45 எங்கே பிறந்த கதை என்பதைக் கட்டுரையாளர் தேடிப் பார்த்திருந்தால், ஒரு முஸ்லிம் சஞ்சிகையில் அதை இவ்வளவு ஆசையோடு எழுதக் கை வந்திருக்குமா? பிலிப்பைன்ஸின் தென்பகுதியில், மிந்தனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் வாழ்ந்த மோரோ முஸ்லிம்களை அடக்க அமெரிக்க இராணுவம் போனது. வாளோடு பாய்ந்து வந்தவர்களை .38 ரிவோல்வர் நிறுத்தவில்லை என்று சிப்பாய்கள் முறையிட்டார்கள். 1904 இல் தொம்சன் என்ற இராணுவ அதிகாரியும் லாகார்ட் என்ற இராணுவ வைத்தியரும் சிக்காகோ மாட்டுத் தொழுவங்களில் உயிரோடிருந்த மாடுகளைப் பல கலிபரிலும் சுட்டுப் பார்த்தார்கள். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஆடுகின்றன என்று குறித்துக்கொண்டார்கள். மாடுகளின் எண்ணிக்கை இருபதைக்கூட எட்டவில்லை. இதை வைத்துத்தான் .45 க்குக் குறையாத கலிபர் வேண்டும் என்ற பரிந்துரை எழுதப்பட்டது. பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டல் 1911 இல் அமெரிக்கப் படையின் ஆயுதமானது. இடையில், 1906 மார்ச்சில், ஜோலோத் தீவின் புட் டாஜோ மலைவாயில் ஒதுங்கியிருந்த மோரோக்களை, பெண்களும் பிள்ளைகளும் உட்பட நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தார்கள். அதைச் செய்தது மலைப் பீரங்கியும் நீள்துவக்கும். கைத்துவக்கின் கலிபர் அங்கே எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை.

பிரித்தானியரின் கதையும் இதே அச்சு. பிரித்தானிய இந்தியாவின் சித்ராலில் எல்லைப்புறப் பழங்குடிகள் .303 சன்னம் பட்டும் நிற்கவில்லை என்று சொல்லி, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில் உடம்புக்குள் விரியும் சன்னத்தைச் செய்தார்கள். 1899 ஹேக் மாநாட்டில் உலகம் அதைத் தடைசெய்ய எழுந்தபோது, நாகரிக மனிதன் அடிபட்டதும் விழுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்று பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா வாதாடினார். ஒரே வெடியில் நிறுத்தும் சக்தி என்று கட்டுரையாளர் வியக்கும் கருத்து எல்லைப்புறப் பழங்குடிகளின் உடம்பிலும் மோரோவின் உடம்பிலும் எழுதப்பட்டது. அதை எடுத்துவந்து எங்கள் பாதுகாப்புக்கென்று எங்களிடமே விற்கிறார்.

அமெரிக்கரே அந்தக் கதையைக் கைவிட்டுவிட்டார்கள். 1985 இல் இராணுவம் .45 ஐ விட்டு 9 மி.மீ. க்கு மாறியது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் கொல்லப்பட்ட சண்டையில், ஒரு 9 மி.மீ. சன்னம் கொலையாளியின் கைவழியே நெஞ்சுக்குள் போய் இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. பழி கலிபர்மேல் விழுந்தது. 10 மி.மீ. வந்தது, அது கையை உதைக்கிறது என்று .40 வந்தது. கடைசியில் 2014 இல், கைத்துவக்குச் சன்னங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை, ஆட்கள் குறிபார்த்து அடிப்பது 9 மி.மீ. ஆல்தான் என்று எஃப்.பி.ஐ. யே எழுதிவைத்து, பழைய இடத்துக்குத் திரும்பியது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடி முடிந்த விவகாரம் இது.

அப்படியானால் 9 மி.மீ. தான் சிறந்தது என்று அவர் துள்ளக்கூடும். பரவலாக இருப்பது ஏன் என்று கேட்காமல் அதைச் சிறப்புக்குச் சான்றாக்குவது அவரது இரண்டாவது பிழை. 1904 இல் ஜேர்மன் கடற்படையும் 1908 இல் தரைப்படையும் அதை ஏற்றன. இரண்டு உலகப் போர்கள் அதைக் கண்டம் கண்டமாகக் கொண்டுபோயின. பிரித்தானியா 1941 இல் மலிவாகச் செய்த ஸ்டென் துவக்குக்கும் அதே தோட்டா. பிறகு நேட்டோ. தொழிற்சாலை பெருகியது, விலை விழுந்தது. இந்தியாவில் பொதுமக்களிடம் அதிகம் இருப்பது .32. அது சிறந்ததென்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 9 மி.மீ., .38, .45 மூன்றையும் இந்தியச் சட்டம் பொதுமக்களுக்குத் தடைசெய்திருக்கிறது, மிஞ்சியது அதுதான். மெக்சிகோவில் .38 சூப்பர் பரவியதும் இராணுவக் கலிபர்களைச் சட்டம் மறுத்ததால்தான். எது பரவலாக இருக்கிறது என்பதைப் படைகளும் சட்டங்களும் சந்தையும் தீர்மானித்திருக்கின்றன.

பெண்களின் கைப்பைக்கு .32 என்ற வரியை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இதே எண்ணத்தில்தான் 2014 இல் கான்பூர் அரச ஆயுதத் தொழிற்சாலை, டில்லியில் கொல்லப்பட்ட பெண்ணின் நினைவில், நிர்பீக் என்ற அரைக்கிலோ .32 ரிவோல்வரை இந்திய ரூபாய் ஒரு இலட்சத்துக்கு மேல் விலையில் பெண்களுக்கென்று இறக்கியது. கைப்பையில் துவக்கு வைத்திருக்கும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது? கலிபோர்னியாவில் கோடிக்கணக்கானோரின் பதிவுகளைப் பார்த்து 2020 இல் வெளியான ஸ்டான்போர்ட் ஆய்வு சொல்கிறது: கைத்துவக்கு வைத்திருக்கும் பெண்கள், வைத்திராத பெண்களைவிட, துவக்கால் தற்கொலை செய்துகொள்வது 35 மடங்கு அதிகம். ஆண்களில் ஏறத்தாழ 8 மடங்கு. ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எத்தனை உயிரைத் தின்னும் என்பதை எங்கள் நாட்டை விட நன்றாக அறிந்த நாடு இல்லை. 1990களின் நடுவில் தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்ற இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கையை மூன்றில் ஒன்றுக்குக் கிட்டக் குறைத்தது. வயல்வீட்டு மூலையிலிருந்து போத்தலை அகற்றிப் பிழைத்த ஊர்களின் அலுமாரியில் பிஸ்டலை வைக்கச் சொல்கிறார்.

இனிக் காத்தான்குடி. உயிரையும் உடைமையையும் காப்பது மார்க்கம் தந்த உரிமை. அதில் அவரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அந்த இரவை அவர் ஒருமுறையாவது மனக்கண்ணில் பார்த்தாரா? இஷாத் தொழுகை. ஆட்கள் தோளோடு தோள் நின்று கிப்லாவை நோக்கியிருக்கிறார்கள். பின்னாலிருந்து தானியங்கித் துவக்குகளும் கைக்குண்டுகளும் வருகின்றன. ரி-56 போன்ற தானியங்கித் துவக்கின் ஒரு சன்னம் செக்கனுக்கு 700 மீட்டர் வேகத்தில், 2000 ஜூல் சக்தியோடு போகும். மேலே சொன்ன .45 ஓடோ 9 மி.மீ. ஓடோ ஒப்பிட்டால் நான்கு மடங்கு. ஒரு கூட்டில் முப்பது ரவை. சுஜூதில் நெற்றி தரையில் இருப்பவன் எழுந்து, திரும்பி, இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவி, விழுந்துகொண்டிருக்கும் தன் ஊர்ச் சனத்துக்கு நடுவால் குறிபார்க்க வேண்டும். மீரா பள்ளிச் சுவரில் அந்தச் சன்னத் துளைகள் இன்றும் அழிக்கப்படாமல் இருக்கின்றன. பிள்ளைகளும் அங்கே மௌத்தானார்கள். அவர்களுக்கு எந்தக் கலிபர் கொடுத்திருக்க வேண்டும் என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சொல்லட்டும்.

அதற்கு இரண்டு மாதம் முன்னர், 1990 ஜூனில், கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தபோது கல்முனைப் பொலிசாரும் அதில் சிக்கினார்கள். சீருடையும் பயிற்சியும் ரிவோல்வரும் நீள்துவக்கும் இருந்த ஆட்கள். சரணடையச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. சரணடைந்த நூற்றுக்கணக்கானவர்கள் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் பிரதான வீதியில் நடந்த இந்த வரலாறு கட்டுரையில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.

என் சாச்சா அந்தக் காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தவர். கொடுத்தது பன்னிரண்டு போர் ஷொட்கன். தோட்டாவின் கோது கடதாசி. கடற்காற்றில் ஈரம் ஏறினால் ஊதிவிடும். அந்தி பட்டதும் தோட்டாக்களைப் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாகக் குழலுக்குள் விட்டுப் பார்த்து, இறுகுவதைத் தனியே ஒதுக்கிவைப்பார். சில நாட்களில் ஒதுக்கியதே கூடுதலாக இருக்கும். ஊர் அந்த இரவுகளைத் தாண்டியது முறைவைத்து விழித்திருந்த ஆட்களாலும், ஓர் ஆபத்தென்றால் ஊரையே எழுப்பிய பள்ளி ஒலிபெருக்கியாலும், தாமதமாகவேனும் முகாம்களிலிருந்து வந்த படையினராலும். எந்தக் கலிபர் மேல் என்று அவர்கள் விவாதித்ததாக நான் கேட்டதில்லை. பக்கத்து ஊருக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்று பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

பிஸ்டல் கடைக்காரரின் கையில் என்ன செய்யும் என்பதையும் பார்ப்போம். நியூயோர்க் பொலிசாரைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008 இல் எழுதிய அறிக்கையில், எதிரியும் திருப்பிச் சுட்ட சண்டைகளில் இலக்கில் பட்டது 18 சதவீதம். சம்பளம் வாங்கிப் பயிற்சி எடுத்தவர்களின் கணக்கு இது. மிச்சம் எண்பத்திரண்டும் எங்கேயோ போய்ப் பட்டது. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டுக்கு வீடு மதில்தான் இடைவெளி. பலகைக் கதவு 9 மி.மீ. சன்னத்தை நிறுத்தாது. கடையில் தவறிய வெடி அடுத்த வீட்டில் ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போகும்.

2019 ஏப்ரல் 26 இரவு அதே சாய்ந்தமருதில் ஆயுதம் எங்களுக்குள்ளிருந்தே வந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்திய சஹ்ரானின் ஆட்கள் ஒளிந்திருந்த வீட்டில் நடந்த வெடிப்பில் ஆறு பிள்ளைகளும் செத்தார்கள். அந்த வீட்டை அண்டை அயலவர் சந்தேகித்ததுதான் படையினரை அங்கே கொண்டுவந்தது. கட்டுரையாளரின் பட்டியலில் உள்ள எந்தக் கலிபரும் அந்த வேலையைச் செய்திருக்காது.

அந்தக் கும்பல் தன் துவக்குகளில் சிலவற்றை எங்கிருந்து எடுத்தது என்பதையும் அவர் படிக்க வேண்டும். 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவில் காவலரணில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்களைக் கொன்று, அவர்களின் ஆயுதங்களைக் கொண்டுபோனார்கள். பழி முதலில் முன்னாள் புலிகள்மேல் விழுந்தது. ஒரு அப்பாவி மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். காவலில் இருந்த, சீருடை போட்ட, ஆயுதம் ஏந்திய இரண்டு பேரிடமிருந்தே பறிக்க முடிந்ததென்றால், கல்முனைக் கடை லாச்சியில் பூட்டிவைத்த பிஸ்டல் யார் கைக்குப் போகும் என்பதற்கு அவரது நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அனுமதிப்பத்திரம் கேட்டு அமைச்சுக்கு மனு எழுதுமுன் அந்த வரியை எழுதட்டும்.