பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்



பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதி போனஸும் சேர்ந்து வரும் மாதங்களில் பல வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கு ஒரு காகிதம் வந்துவிடுகிறது. கணினிக் கடை எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ரேம் என்று வரிசையாக இறங்கி, அடியில் எட்டாயிரம், பத்தாயிரம் ரிங்கிட் என்று ஒரு தொகை. "எல்லாம் நல்ல ஸ்பெக்தான்பா" என்கிறான் மகன். அப்பாவுக்குப் புரிவது தொகை மட்டும்தான்.

பழைய மைவி கார் ஒன்று வாங்குவதென்றால் மாமா, சித்தப்பா, தெரிந்த மெக்கானிக் என்று நாலு பேரைக் கேட்காமல் பணத்தை எடுப்போமா? கேமிங் கணினிக்கு மட்டும் ஏன் முழுப் பொறுப்பையும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம்?

விளையாட்டுக்கு இவ்வளவு பணமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தந்த வீட்டார்தான். ஆனால் வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். இந்த மாதம் உங்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

பட்டியலின் மேலே இருக்கும் பெயர்கள் பிள்ளைகளுக்கு யூடியூப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம். அங்கே எதைக் குறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியானால் விலையைக் கவர்ச்சியாகக் காட்ட எங்கே குறைப்பது? யாரும் கேட்காத இடத்தில்தான். பவர் சப்ளை என்ற வரியில் நிறுவனப் பெயரே இல்லாமல் '750 வாட்' என்று மட்டும் இருந்தால், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். எந்த நிறுவனம், எந்த மாடல், எத்தனை ஆண்டு வாரண்டி?

சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுப்பது அந்தப் பெட்டிதான். மட்டமான பவர் சப்ளை கெடும்போது நாலாயிரம் ரிங்கிட் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக்கூடும். ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு 360 வாட் வரை இழுக்கும், அதற்கு 850 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரான என்விடியாவே சொல்கிறது. 5090 என்றால் 575 வாட், 1000 வாட். '80 பிளஸ் கோல்டு' முத்திரையைக் காட்டினால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல. வாரண்டிதான் நம்பகமான அடையாளம். பெயர் பெற்ற நிறுவனங்கள் சில மாடல்களுக்கு 10 ஆண்டு தருகின்றன. இருநூறு ரிங்கிட் கூடுதலானாலும் அதை வாங்குங்கள்.

பொருத்தும்போதும் ஒரு கவனம் வேண்டும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் பல நாடுகளில் அதன் மின்இணைப்பு முனை உருகியது. முனை முழுவதுமாக உள்ளே போகாதது ஒரு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். கடையில் பொருத்தித் தந்தாலும், அது கடைசி வரை அழுந்தியிருக்கிறதா என்று பிள்ளையோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னலுக்குப் பேர்போனது. மாலை நாலு மணிக்கு வானம் கறுத்தால் துணி எடுக்க ஓடுகிறோம் இல்லையா? அதே கையோடு கணினியின் பிளக்கையும் பிடுங்கிவிடுவது நல்லது. மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் சாதனம் உதவும். ஆனால் நேரடி மின்னலை அதுவும் தாங்காது. கணினிப் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம் என்பதை 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து மேலே கேசிங். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு, பார்க்க அழகுதான். காற்று எந்த வழியாக உள்ளே போகும்? கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. 500 வாட் இழுத்தால் 500 வாட் சூடு. நம் தெரஸ் வீடுகளின் மாடி அறை பிற்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 1 குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ 2,600 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்தப் பெட்டி மட்டுமே பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் வலை போட்ட, தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவக்கூடிய கேசிங் போதும்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடலாம். 500 வாட், நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதம் 60 யூனிட். சலுகைகளைக் கழிக்காமல் யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்தால் 27 ரிங்கிட். அந்த அறையின் ஏர்கோன் செலவு தனி. பயப்பட வேண்டிய தொகை இல்லை, பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய தொகை.

ரேம் விலை மட்டும் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. 2025 இறுதியிலிருந்து அது ஏறியதற்குக் காரணம் ஏஐ தரவு மையங்கள். மெமரி சில்லு செய்யும் நிறுவனங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. வீட்டுக் கணினிகளுக்கான குருசியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்தது. 32 ஜிபி போதும். 16 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். விளக்கு எரியும் ரேமுக்குக் கூடுதல் பணம் தர இது நேரம் இல்லை.

பிராசசரில் விளையாட்டுக்கென்றே பெயர் வாங்கியது ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டு கோர்தான், ஆனால் 96 எம்பி கேஷ் நினைவகம் விளையாட்டில் பெரிய வேகம் தருகிறது. இண்டெலும் ஏஎம்டியும் 1972-லேயே பினாங்கில் ஆலை திறந்தவை. பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! இந்தச் சில்லுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. செகண்ட்ஹேண்ட் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இண்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சில்லுகள் சில நாளடைவில் நிலைகுலைந்ததை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. மதர்போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஓடிய சில்லை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாக, எல்லோரும் முதலில் பேசும் கிராபிக்ஸ் கார்டு. இங்கே நான் கேட்பது ஒன்றுதான்: எந்தத் திரையில் பார்க்கப் போகிறான்? சாதாரண 1080பி திரையில் இருக்கும் புள்ளிகள் ஏறத்தாழ 20 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். நொடிக்கு 60 படம் மட்டும் காட்டும் பழைய ஆபீஸ் மானிட்டரில் 5080-ஐ மாட்டினால், அது செய்யும் வேலையில் பாதிக்கு மேல் கண்ணுக்கே வராது. அதனால் மானிட்டரின் விலையையும் அந்தப் பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். கார்டில் ஒரு படி இறங்கி, 5070 டிஐ அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி எடுத்து, மிச்சப் பணத்தில் 1440பி திரை வாங்கும் பிள்ளை உண்மையில் நல்ல படம் பார்க்கிறான். இரண்டு கார்டிலும் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது, சில ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

இந்தக் குறிப்புகளோடு ஒரு சனிக்கிழமை சேர்ந்து கிளம்புங்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமிருந்து மோனோரெயில் ஏறி இம்பியில் இறங்கினால் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா நடக்கும் தூரம். ஒரே கடையில் முன்பணம் கட்டிவிடாமல், ஒரே பட்டியலை மூன்று கடையில் காட்டி எழுதி வாங்குங்கள். பேரம் பேசுவதை அம்மாவிடம் விட்டுவிடுவது என் யோசனை.

ரசீதை அன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள், அந்தக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகளையும் தூக்கிப் போட வேண்டாம். வாரண்டி காலத்தில் கடை கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே அந்த ரசீதும், மாடல் பெயர்கள் முழுசாக எழுதிய பட்டியலும்தான் உங்களுக்காகப் பேசும்.

அன்புடன்,
ஆசிரியர்